தென்பெண்ணைக் கரையில் இரண்டு பேருக்கு ஒரு அறை

பிப்ரவரி 3, திங்கள். சாரம், பாண்டி.

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை, கொடியில் காய்ந்த வேட்டி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மூக்கடைப்பு.

நாளை புறப்பாடு. எடுக்க வேண்டியவை: முட்டிப் பட்டை, தைலம், ஃபிளாஸ்க், துண்டு 2, ஆதார், விசில். ரிட்டையர் ஆன பிறகும் விசில் இல்லாமல் வெளியே போனால் பல் செட்டை மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பி.டி. டீச்சர் புத்தி.

மூலக்குளத்திலிருந்து செல்வி போன். குரலில் இவ்வளவு உற்சாகம் கேட்டு வெகுநாள் ஆயிற்று. அவள் புருஷன், என் தம்பி, போய்ச் சேர்ந்ததிலிருந்து அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். "அக்கா, பனங்கெழங்கு வேவிச்சு எடுத்துக்கறேன். பஸ்ல சாப்டலாம்." அவள் பிறந்த ஊர் பாகூர். அந்த ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து வருகிறது. "ஆறு வந்து சேர்ற எடத்தத்தான் பாத்திருக்கேன்க்கா. மேல எப்டியிருக்கும்னு பாத்ததேயில்ல" என்று பொங்கலன்று சொன்னாள். அதற்காகத்தான் கிளம்புகிறோம். பண்ருட்டி, திருக்கோவிலூர், அரகண்டநல்லூர். பழைய சந்தை ஊர்கள், ஆற்றை ஒட்டியே ஒவ்வொன்றாக. எல்லாம் பஸ்ஸில்.

மதியம் சென்னையிலிருந்து ஆல்பர்ட். செல்வியின் ஒரே பிள்ளை. பேசும்போதே லேப்டாப்பில் தட்டுகிறான், சத்தம் கேட்கிறது.

"அத்தை, எதுக்கு ரெண்டு பேரும் பஸ்ல அலையறீங்க? நான் கார் போட்டுத் தரேன். காலைல போயி சாயந்தரம் வந்துடுங்க."

"அவ்ளோ அவசரமா போறதுக்கு ஆத்துக்கு நெருப்பாடா புடிச்சிருக்கு?"

"ஜோக் அடிக்காதீங்க அத்தை. அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. மாசக் கடைசில எப்டியும் இங்க கூட்டிட்டு வந்துடப் போறேன். அப்பறமா நானே காட்டறேன்."

கூட்டிட்டு வந்துடப் போறேன்! பீரோவை வேனில் ஏற்றுகிற மாதிரி. அவன் மனைவிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, சந்தோஷம்தான். மூலக்குளம் வீட்டை வாடகைக்கு விடுகிறானாம். ஆள்கூடப் பார்த்துவிட்டானாம்.

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

"அம்மா ஒண்ணும் சொல்லலையே."

ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தமாம். யார் சொல்லிக் கொடுத்தது இவனுக்கு?

பி.கு.: கேஸை மூட வேண்டும். பால் பாக்கெட் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

பிப். 4, செவ்வாய். திருக்கோவிலூர். அறை (ஆம், அறை!).

இன்றைக்கு எழுதாமல் தூங்கினால் ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். முதலிலிருந்து.

பஸ்ஸில் செல்விக்கு ஜன்னலோரம். தவளக்குப்பத்தில் வழக்கமான நெரிசல். கடலூருக்கு முன்னால் பாலத்தில் ஆறு வந்தது, செல்வி எழுந்தே நின்றுவிட்டாள். பின்னால் ஒருவர், "உக்காருமா, மறைக்குது." எதை மறைக்கிறதாம்? அவர் கண் போனில் இருந்தது.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரிகள், வெல்லப்பாகு வாசனை. இரண்டு பக்கமும் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி, உண்மையைச் சொல்ல வேண்டும்.

பண்ருட்டியில் பலாப்பழம் கேட்டேன். கண்டக்டர் உட்படச் சிரிக்காதவர் இல்லை. "தை மாசத்துலயா டீச்சர்?" டீச்சர் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ. சரி, முந்திரியாவது வாங்கலாம். கடைக்காரர் ருசி பார்க்க ஒரு பிடி கொடுத்துவிட்டு எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். "சார் வரலீங்களா?" எந்தச் சார்? முந்திரி தின்பதற்குச் சார் எதற்கு? வாங்காமல் வந்துவிட்டேன். கொடுத்த ஒரு பிடியை மட்டும் வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல முந்திரி.

மதியம் திருவெண்ணெய்நல்லூர் வழியாக இங்கே. முட்டி கனத்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜ்.

லாட்ஜ் ஒன்று. கவுண்டரில் இருந்தவன் நிமிரவே இல்லை. "ரூம் இல்ல." அவன் தலைக்கு மேல் பலகை முழுக்கச் சாவிகள்.

லாட்ஜ் இரண்டு. "ஃபேமிலிக்கு மட்டுந்தாம்மா."

"நாங்க ஃபேமிலிதான். இவ என் தம்பி பொண்டாட்டி."

"தம்பி வரலீங்களா?"

"செத்துட்டாரு."

அவன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அப்ப ஃபேமிலி இல்லீங்களே."

செல்வி தரையைப் பார்த்தாள். நான் "ஸூத்!" என்று கத்தினேன். கோபம் வந்தால் அப்பா சொல்லும் பிரெஞ்சுச் சொல். அர்த்தம் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை, சத்தமே போதும். அவன் கெட்ட வார்த்தை என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டான்.

லாட்ஜ் மூன்று. மேனேஜர் ஐம்பது வயசுக்காரர், நெற்றியில் பளிச்சென்று விபூதி, பேச்சில் மரியாதை. மரியாதையாகப் பேசி மாட்டேன் என்பவர்கள்தான் இன்னும் மோசம்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்ல. ஓனர் ரூல்ஸ்."

"தனியா எங்கங்க? ரெண்டு பேர் நிக்கறோம்."

"ஜென்ட்ஸ் யாரும் வரலியே."

"எந்தச் சட்டத்துல போட்டிருக்கு? எடுத்துக் காட்டுங்க."

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா."

"தெருவுல நின்னா பாதுகாப்பா?"

கத்தினேன். கிரவுண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்ட தொண்டை. அவர் அசையவில்லை. "வூட்டு ஜென்ட்ஸ் யாராவது போன்ல ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா எனக்குப் போதும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் செல்வியின் போன் அடிக்கிறது. ஆல்பர்ட். இன்றைக்கு எத்தனையாவது தடவையோ. "மகனுங்களா? குடுங்கம்மா, நான் பேசிக்கறேன்." பழக்க தோஷம், செல்வி நீட்டிவிட்டாள். இவர் வாங்கிக்கொண்டு "சொல்லுங்க சார், சரிங்க சார், ஆமாங்க சார்." சார்! கால்சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் என்னிடம் ஓடி வந்து நின்ற பயல் இப்போது சார். நாங்கள் இரண்டு பேரும் நரைத்த தலையோடு அங்கேயே நிற்கிறோம், எங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லை, முகம் தெரியாத ஒரு குரல் சொன்னால் போதுமாம்.

பேசி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார், திருப்தியாக. "ரூம் வேணாம்னுட்டாரு. ஒரு கார் புடிச்சு உங்க ரெண்டு பேரையும் பாண்டிக்கு அனுப்பச் சொல்றாரு. வாடகை அவரே போட்டுடறாராம். நல்ல புள்ள."

எனக்கு வார்த்தையே வரவில்லை. அதுதான் அதிசயம்.

செல்வி போனைக் காதில் வைத்தாள். அவன் இன்னும் லைனில் இருந்தான். "ஆல்பர்ட்டு. நான் உன்கிட்ட கேக்கலப்பா. சொல்றேன். இன்னிக்கு இங்கதான் தங்கறேன்." கட் செய்தாள். பையை எடுத்துக்கொண்டு போய் வரவேற்பறை சோபாவில் நட்டநடுவில் உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பையிலிருந்து பனங்கிழங்கு. ஒவ்வொன்றாகத் தோலை உரித்து, நாரைக் கிழித்து, நடுக்குருத்தை எடுத்துத் தனியாக வைத்து. தோலெல்லாம் அவர் பளபளவென்று துடைத்து வைத்திருந்த தரையில். இவள் ஒரு பருக்கை சிந்தினால்கூடப் பொறுக்காதவள்.

"இன்னாம்மா இது?"

"பனங்கெழங்குங்க. சாப்டறீங்களா? ரூம் காலியாவற வரைக்கும் இங்கயே இருக்கோம். ஒண்ணும் அவசரமில்ல."

தை மாசம், ஊரெல்லாம் கல்யாணம். ஒரு கல்யாணக் கும்பல் படியிறங்கி வந்தது. பட்டுப்புடவை, மல்லிகை, பிள்ளைகள். செல்வி எல்லோருக்கும் கிழங்கு நீட்டினாள். ஒரு பெரியம்மா எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று. செல்வி அப்படியே சொன்னாள், குரலை உயர்த்தாமல். பெரியம்மா கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, எங்களுக்கு மட்டும் எப்டி குடுத்த?"

"உங்க கூட ஜென்ட்ஸ் இருக்காங்களேம்மா."

"யாரு, என் வூட்டுக்காரனா? அது நேத்துலேர்ந்து குடிச்சுட்டுக் கெடக்குது. அதுவா எங்களுக்குக் காவலு?"

கும்பல் முழுக்கச் சிரிப்பு. மேனேஜர் நெற்றியைத் துடைத்தார், விபூதி கலைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சாவி மேஜைமேல் வந்தது. "இப்பத்தான் ஒண்ணு காலியாச்சு" என்றார். எதுவும் காலியாகவில்லை. ஒருவரும் வெளியே போகவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. கெஞ்சாமல் வாங்கினோம், சரி. ஆனால் வாங்கியது என்ன? காசு கொடுத்துத் தூங்க ஒரு கட்டில். அதற்கு இவ்வளவு.

தலையணையில் யாரோ வைத்த எண்ணெய் வாசனை. துண்டை விரித்திருக்கிறேன். செல்வி படுத்ததும் தூங்கிவிட்டாள். போனை அணைத்து வைத்துவிட்டு.

பிப். 5, புதன். திருக்கோவிலூர்.

தோசை கல்லு மாதிரி. காபி பரவாயில்லை.

காலையில் ஆறு. எழுதித்தான் ஆக வேண்டும். பாலத்தின்மேல் நின்றால் மணல் அகலமாகக் கிடக்கிறது. தண்ணீர் நாலைந்து பிரியாக, வெயில் பட்ட இடத்தில் மட்டும் கண்ணைப் பறிக்கிறது. நட்டாற்றில் ஒற்றைப் பாறை, அதன் தலையில் சின்னதாக ஒரு கோயில். அக்கரையில் அரகண்டநல்லூர்க் கோயில் பாறைமேல். கொக்குகள். தூரத்தில் நெல் பச்சை. செல்வி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கணுக்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை வரைக்கும் போய் வந்தாள். "சில்லுனு இருக்குதுக்கா, வாங்க." முட்டியால் போகவில்லை. கரையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் தெரிகிறது மற்றதெல்லாம். மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக். சாக்கடை வாய் நேராக ஆற்றில். மணல் அள்ளிய பள்ளங்கள், பச்சைத் தண்ணீரோடு. இவ்வளவு அழகான ஆற்றை வேறு எந்த ஊரிலாவது இப்படிப் பண்ணுவார்களா? பண்ணுவார்கள். எங்கள் ஊரிலும் பண்ணுகிறோம். அதனால் கோபம் குறைந்துவிடுமா?

பைக்கில் வந்த ஒருவர் பத்தடி தள்ளி நின்று, ஆற்றைப் பார்த்தபடி வேட்டியைத் தூக்கினார். ஒரு விசில் அடித்தேன். நீளமாக. அவர் துள்ளிய துள்ளலில் வண்டி சாய்ந்தது. "இன்னா இது, போலீஸா?" "இல்ல, பி.டி." எதுவும் புரியாமல் போய்விட்டார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முழு வெற்றி இதுதான்.

பிறகு அரகண்டநல்லூர் கமிட்டி. விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து விற்கும் பெரிய கொட்டகை, ஊரில் எல்லோரும் கமிட்டி என்றே சொல்கிறார்கள். உளுந்து குவியல் குவியலாக. வேர்க்கடலை. தூசி, தும்மல். நுழைந்ததுமே ஒரு ஆள்: "லேடீஸ் இங்க நிக்காதீங்க, லோடு எறங்குது." சுற்றிலும் பார்த்தேன். சிந்தியதைக் கூட்டுவது பெண்கள், தூற்றுவது பெண்கள், சாக்கு தைப்பது பெண்கள். அவர்களெல்லாம் லேடீஸ் இல்லையா என்று கேட்டேன். "அவங்க வேலைக்காரங்க மேடம்." கேட்டீர்களா.

செல்வி அங்கே ஒருத்தியோடு பேச்சில் இறங்கிவிட்டாள். அஞ்சலை. மணலூர்ப்பேட்டைக்காரி, எங்களைவிடக் கொஞ்சம் சின்னவள். சொந்த உளுந்து, தனியாகக் கொண்டுவந்திருக்கிறாள். வியாபாரி கையை உளுந்துக்குள் விட்டு அளைந்துவிட்டு, "ஈரம்" என்றான். அஞ்சலை ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் கொட்டினாள். "எங்க, ஈரத்தக் காட்டு." அவன் வேறு குவியலுக்கு நகர்ந்தான். நான் பின்னாலேயே போய் இரண்டு வார்த்தை கேட்கப் பார்த்தேன். அஞ்சலை கையைப் பிடித்து நிறுத்தினாள். "வுடுங்கம்மா, சாயந்தரம் அவனே வருவான். நீங்க சண்ட போட்டா வராமப் பூடுவான்." சாயந்தரம் வந்தான். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இருவரும் உளுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து அவ்வளவு நேரம் என்ன பேசினார்களோ. செல்வி பேச்சில் பாகூர் வந்துவிட்டது, கல்யாணத்துக்கு முன்னால் பேசின மாதிரி.

முட்டி வீங்கிவிட்டது. தைலம்.

பிப். 6, வியாழன். பஸ், பிறகு சாரம்.

காலையில் செல்வி தலையைப் பின்னிக்கொண்டே சொல்கிறாள்: "அக்கா, உங்களுக்கு முட்டி முடியல. நீங்க ஊருக்குப் போங்க. நான் அஞ்சல கூட மணலூர்ப்பேட்டை போறேன். அவ வூட்ல படுத்துக்கறேன். அங்கிருந்து மேல ஆத்து டேம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"தனியாவா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்த மேனேஜர் குரலில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. செல்வி பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டாள். எனக்கு அவள்மேல் கோபமா, என்மேல் கோபமா தெரியவில்லை. நேற்று அறிமுகமானவள் வீட்டில் போய்ப் படுப்பாளாம், யார் என்ன என்று தெரியாமல். எனக்கு அது சரியாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. ஆனால் அவளை அனுப்ப நான் யார்? அல்லது நிறுத்த?

"மாசக் கடைசில சென்னைக்குப் போறியா?" என்று கேட்டேன். மூன்று நாளாகக் கேட்க நினைத்தது.

"இன்னும் யாரும் என்னக் கேக்கலியேக்கா."

நானும்தான் கேட்கவில்லை. அவளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

"கேக்கறேன் இப்ப. போறியா?"

"கொழந்த பொறந்தா போவேன். பாத்துட்டு, குளிப்பாட்டிட்டு, திரும்பி வந்துடுவேன். மூலக்குளம் வூட்ட வுட்டுட்டு நான் எங்க போவேன்? அங்க அவரு வச்ச கொய்யா இப்பத்தான் காய்க்குது."

இதை அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "சொல்றேன், போன் பண்ணட்டும். 'எப்ப வருவீங்க'ன்னே கேக்கறான். அதுக்கு நான் இன்னா சொல்ல?"

பஸ் நிலையத்தில் அஞ்சலை வந்தாள், காலிச் சாக்குகளோடு. செல்வி தைலத்தில் பாதியை ஒரு சின்னச் சீசாவில் ஊற்றி வாங்கிக்கொண்டாள். டாட்டா காட்டினாள், பள்ளிப் பிள்ளை மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் தூசி, கமிட்டித் தூசி.

வழியில் பஸ் நின்ற இடங்களில் எல்லாம் கழிப்பறை கேவலம். ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. எழுதிப் புகார் போட வேண்டும்.

பிப். 7, வெள்ளி.

மேகமூட்டம். மாதத்தின் முதல் வெள்ளி, மாதாகோயில் பூசைக்குப் போகவில்லை, முட்டி. பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு மரி தெரேஸ் கேட்கிறாள்: "செல்விய எங்க? அங்கயே வுட்டுட்டு வந்துட்டியா?" குடையையா விட்டுவிட்டு வந்தேன்?

ஆல்பர்ட் நாலு தடவை. எடுத்தேன், "நல்லாருக்கா" என்றேன், வைத்துவிட்டேன். சாயந்தரம் செல்வியிடமிருந்து ஒரு படம். ஆறு, ஒரு ஆடு, அஞ்சலையின் கை. வேறொன்றும் எழுதவில்லை.

துணி துவைத்தேன். புடவை ஓரத்தில் இன்னும் உளுந்துத் தூசி.

பிப். 8, சனி.

வெயில் சுள்ளென்று. மீன்காரம்மா வரவில்லை, முருங்கைக்காய் குழம்பு.

சமைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார். ஆல்பர்ட். செருப்பைக் கழற்றாமல் கூடம் வரை வந்துவிட்டான்.

"அம்மா எங்க?"

"ஊர் பாக்கப் போயிருக்கா. செருப்பக் கழட்டு."

"எந்த ஊர்ல?"

"நேத்து மணலூர்ப்பேட்டை. இன்னிக்கு டேம்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்களா? தெரியாத ஊர்ல அம்மாவத் தனியா வுட்டுட்டு வந்து, நெனைக்கறேன்னு சொல்றீங்க. நான் ராத்திரி பூரா தூங்கல அத்தை. நேத்துலேர்ந்து போன் எடுக்கவே மாட்டேங்கறாங்க."

நன்றாகத் திட்ட வேண்டும் என்று நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். சார் என்று கூப்பிட வைத்தவனே, அம்மாவைப் பார்சல் கட்டச் சொன்னவனே என்று. கரண்டியோடு நின்றபடி ஆரம்பித்தும்விட்டேன். "லாட்ஜ்காரன்கிட்ட இன்னா சொன்ன நீ? உங்கம்மாவ—"

"அப்பாவும் அன்னிக்கு எடுக்கல அத்தை" என்றான்.

உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா, என் தம்பி, வில்லியனூர் ரோட்டில் வண்டியோடு விழுந்து கிடந்த அன்றைக்கு இவன் சென்னையிலிருந்து போன்மேல் போன். தம்பி பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். இவன் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். எனக்குக் கோபம் போகவில்லை. போகவும் கூடாது. பயம் வேறு, கார் பிடித்து அனுப்பச் சொல்வது வேறு.

"போன் பண்ணா இன்னா கேக்கற அவள?"

"எப்ப வருவீங்கன்னு."

"வேற?"

யோசித்தான். தம்ளரைக் கீழே வைத்தான்.

"வேற கேளு. மரியாதையா கேளு."

போனை எடுத்தான். பிறகு பின்பக்கம் துணி காயும் இடத்துக்குப் போனான். இந்தத் தடவை அவள் எடுத்துவிட்டாள். குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டேன், ஒட்டுக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது. "அம்மா... இல்லம்மா, சும்மாதான்... ஆத்துல தண்ணி இருக்காம்மா?" அதற்குப் பிறகு அவன் குரல் வெகுநேரம் வரவில்லை. ம், ம் என்று மட்டும். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தான். முகம் ஒரு மாதிரி.

"மூலக்குளம் வூட்டுக்கு ஆள் வர வேணாம்னு சொல்லிடச் சொல்றாங்க. கொழந்த பொறந்தப்பறம் வந்து கொஞ்ச நாள் இருக்காங்களாம். அவ்ளோதானாம்."

"சொல்லிட்டியா?"

"யாருகிட்ட?"

"வாடகைக்கு வர்றவன்கிட்ட."

"சாப்ட்டுச் சொல்லிக்கறேன் அத்தை. பசிக்குது."

தட்டை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல சொல்லு."

மறுபடியும் போனை எடுத்தான்.